குங்குமம் வைத்த போல்ட்

நாலு பேர் சிரிப்பார்களே என்று, கண் பார்த்ததைக் கை செய்யாமல் விட்டுவிட்டால், அப்படிப்பட்ட கண்ணால் ஒரு மனிதனுக்கு என்ன பிரயோஜனம்? பானுதாஸ் சாளுங்கேயை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்விதான் முன்னால் வந்து நிற்கிறது. அவரைப் பெரிய மனிதர் என்று சொல்வதற்கில்லை. கோடோலி ஊருக்குப் பக்கத்துச் சர்க்கரை ஆலையில் ஃபிட்டர். கவனமானவர். தன் கவனத்தில் கொஞ்சம் கர்வம் உள்ளவர். யாராவது தன்னைப் பார்த்துச் சிரித்தால் தாங்க மாட்டார். இந்த மூன்றும் ஒரே ஆளிடம் இருப்பது ஆபத்து என்று அவருக்கும் தெரியாது, ஊருக்கும் தெரியாது.

ஊரில் யார் புது மோட்டார் சைக்கிள் வாங்கினாலும் அவரைக் கூட்டிக்கொண்டுதான் ஷோரூமுக்குப் போவார்கள், பெண் பார்க்கப் போகும்போது விவரம் தெரிந்த ஒருத்தரை அழைத்துப் போவதுபோல. புது வண்டி என்றால் எல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறோம். ஆனால் கம்பெனியிலிருந்து வண்டி முழுதாக வருவதில்லை. முன் சக்கரம் தனி, ஹேண்டில்பார் தனி, பேட்டரி தனி. ஷோரூம் பையன்கள்தான் பூட்டித் தருகிறார்கள். சாதாரண நாளில் நிதானமாகப் பூட்டுவார்கள். வருஷப் பிறப்பான பாட்வா வந்துவிட்டால் கதை வேறு. அன்று நல்ல நேரத்துக்குள் வண்டி கைக்கு வர வேண்டும் என்று கரும்புக்காரர்கள் எல்லாரும் ஒரே காலையில் வந்து நிற்பார்கள். பூட்டுகிறவனுக்கு எந்த வண்டியில் எந்த நட்டை இறுக்கினோம் என்பதே நினைவிருக்காது.

பானுதாஸ் துணிப்பையில் ஸ்பேனர்களோடு போவார். முன் சக்கர ஆக்சில், ஹேண்டில்பார் போல்ட்டுகள், பிரேக், செயின் லாக் சரியான பக்கம் பார்த்து மாட்டியிருக்கிறதா, பின் சக்கரம், பேட்டரி ஒயர் என்று ஒரு வரிசை வைத்திருந்தார். பார்த்து முடித்த ஒவ்வொரு போல்ட்டிலும் ஓர் அடையாளம் வைப்பார். ஆலையில் இறுக்கிய நட்டின் மேல் பெயின்டால் கோடு இழுப்பது வழக்கம். நட்டுத் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரை ஒரே கோடு. நட்டு அசைந்தால் கோடு முறிந்து காட்டிக்கொடுக்கும். முதலில் இங்கும் சாக்பீஸால் கோடு போட்டுப் பார்த்தார். பூஜை ஆகாத வண்டியில் இப்படிக் கிறுக்கலாமா என்று வீட்டுப் பெண்கள் முகம் சுளித்தார்கள். அதனால் குங்குமத்தைத் தேங்காய் எண்ணெயில் குழைத்து, தீக்குச்சியால் கோடு போட ஆரம்பித்தார். குங்குமத்தை யார் வேண்டாம் என்பார்கள்? அந்த யோசனையில் அவருக்கு ரொம்ப நாள் பெருமை இருந்தது.

அந்தப் பாட்வாவில் வண்டி வாங்கியது சம்பத். பானுதாஸின் மனைவி ஷாலனுடைய தம்பி. அக்காள் புருஷனை 'தாஜி' என்று கூப்பிடும் உரிமையில், அவன் வாயில் எது வந்தாலும் அது கேலிதான்.

ஷோரூம் வாசலில் ரங்கோலி, மாலைகள், உடைத்த தேங்காய்கள், கையில் பேடா பெட்டியோடு சொந்தக்காரர்கள். பானுதாஸ் வண்டிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஆக்சில் நட்டில் ஸ்பேனரை வைத்தார். அது கொஞ்சம் திரும்பியது. இறுக்கினார், கோடு போட்டார்.

"தாஜி, பல்லையும் எண்ணிருங்க! மாட்டுச் சந்தைக்குத்தான வந்திருக்கோம்," என்றான் சம்பத். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"ஆக்சில் லூசா இருந்துச்சு சம்பத்."

"இருக்கும் இருக்கும். நீங்க கை வச்சா உங்க ஆலையே லூசாத்தான் இருக்கும். ஏன் தாஜி, கழட்டிப் பூட்டும்போது நாலு நட்டு மிச்சம் விழுந்துச்சுன்னா வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிருவீங்களா?"

சம்பத்தின் மனைவி நந்தா பூஜைத் தட்டோடு நின்றிருந்தாள். "சும்மா இருங்க நீங்க. தாஜி நமக்காகத்தான பாக்கறாரு," என்றாள். குனிந்து அவர் போட்ட கோட்டை உற்றுப் பார்த்தாள். "குங்குமமா தாஜி? நல்லா இருக்கே!"

ஹேண்டில்பார் போல்ட்டுகளை முடித்தார். அடுத்து முன் பிரேக். டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரை முன் ஃபோர்க்கோடு சேர்த்து வைத்திருப்பவை இரண்டே போல்ட்டுகள். அவர் அங்கே கையைக் கொண்டு போகும்போது பின்னால் யாரோ ஒருவன், "சைக்கிள் மிதிக்கிறவரு மோட்டார் சைக்கிளுக்குக் குத்தம் கண்டுபிடிக்கிறாருடா," என்றான். இந்த முறை சிரிப்பு பெரிதாக இருந்தது. சம்பத்தும் சிரித்தான். உண்மைதான், பானுதாஸிடம் சைக்கிள்தான் இருந்தது. ஷோரூம் முதலாளியும் கையைக் கூப்பிக்கொண்டு வந்து, "அண்ணா, நேரம் போகுது. பின்னால எவ்வளவு வண்டி நிக்குது பாருங்க," என்றார். புரோகிதர் மணியை ஆட்டினார்.

பானுதாஸ் எழுந்தார். காது சூடாகியிருந்தது. கிரீஸ் கையைக் கழுவக் குழாயடிக்குப் போனவர், வேண்டுமென்றே மெதுவாகக் கழுவினார்.

திரும்பி வந்தபோது பூஜை முடிந்திருந்தது. ஹெட்லைட்டில், டேங்கில், சக்கரங்களில் மஞ்சளும் குங்குமமும். முன் சக்கரத்தருகே பார்த்தார். காலிப்பரின் இரண்டு போல்ட்டுகளும் சிவந்திருந்தன. ஆனால் அவை கோடுகளல்ல, பொட்டுகள். நந்தா தன் விரலால், அழகாக, வட்டமாக வைத்த பொட்டுகள்.

அவருக்கு எல்லாம் அங்கேயே தெரிந்துவிட்டது. இவை அவர் போட்டவை அல்ல. அந்தப் போல்ட்டுகளை யாரும் பார்க்கவில்லை. கை தானாகப் பைக்குள் போய் ஸ்பேனரைத் தொட்டது.

"இன்னும் என்ன தாஜி? பூஜை ஆன வண்டி. இனிமே ஜோதிபா சாமி பாத்துக்குவாரு. வேணும்னா அவரையும் ஒரு தடவ செக் பண்ணிட்டு வரச் சொல்றீங்களா?"

பேடாவை வாயில் வைத்திருந்த ஒரு கிழவர் இருமும்வரை சிரித்தார். பானுதாஸ் பையிலிருந்து வெறுங்கையை எடுத்தார்.

"ஒண்ணுமில்ல. கெளம்புங்க," என்றார்.

சம்பத்தும் நந்தாவும் நேரே ஜோதிபா மலைக்குப் போனார்கள். தரிசனம் ஆயிற்று. நெற்றியிலும் வண்டியிலும் கோயில் குலால் பொடி பூசிக்கொண்டு இறங்கும்போது, ஒரு வளைவில் சம்பத் முன் பிரேக்கைப் பிடித்தான். போல்ட் ஒன்று வழியிலேயே எங்கோ விழுந்திருந்தது. மற்றொன்றில் தொங்கிக்கொண்டிருந்த காலிப்பர் சுழன்று சக்கரத்துக்குள் போய்ச் சிக்கியது. சம்பத்துக்கு முழங்கையில் சிராய்ப்பு. நந்தாவுக்குத் தொடை எலும்பு முறிந்து உள்ளே கம்பி வைக்க வேண்டியதாயிற்று.

பானுதாஸ் சாத்துக்குடியோடு ஆஸ்பத்திரிக்குப் போனார். நந்தா வலியிலும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"தாஜி, நீங்க வச்ச எடத்தப் பாத்துப் பாத்து நானும் வச்சேன். நீங்க விட்ட எடத்துலகூட வச்சேன். அப்படியும் எங்கயோ ஒரு எடம் விட்டுப்போச்சு போல. சாமிக்குக் குறை வச்சுட்டேன்."

பானுதாஸ் சாத்துக்குடிப் பையைப் பார்த்துக்கொண்டே நின்றார். "அதெல்லாம் இல்லம்மா," என்று மட்டும் சொன்னார். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் பிறகு அவருக்கு வாய்க்கவே இல்லை. வெளியே தாழ்வாரத்துக்கு வந்ததும் சம்பத்திடம் சொல்ல முயன்றார்.

"சம்பத், அந்தப் பிரேக் போல்ட்ட நான் பாக்கல."

"எங்க பாக்க விட்டேன்! கேலி பண்ணி எழுப்பி விட்டது நான்தான தாஜி. செருப்பால அடிங்க என்னைய." சம்பத் அழுதுகொண்டே அவர் காலைத் தொட்டான்.

அவர் சொன்னது பொய்யல்ல. ஆனால் சொல்ல வந்தது அது இல்லை. பார்க்காதது ஒரு குறை. பார்க்கவில்லை என்று தெரிந்தே 'கெளம்புங்க' என்று சொன்னது வேறு. முதலாவதைச் சொல்ல வாய் வந்தது. இரண்டாவதற்கு வரவில்லை. அரை உண்மை பல சமயம் முழுப் பொய்யைவிட நன்றாக மூடிவிடுகிறது. சம்பத் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தபோது, பானுதாஸின் மீது அவனுக்கு முன்னில்லாத மரியாதை வந்திருந்தது.

அது ஊருக்கும் பரவியது. "பானு அண்ணா அப்பவே சொன்னாரு, யாரு கேட்டா?" என்று டீக்கடையில் பேசினார்கள். சைக்கிளைப் பற்றிக் கேலி செய்தவனே இப்போது நின்று வணக்கம் சொன்னான். ஒவ்வொரு வணக்கமும் அவருக்குத் தேள் கொட்டியதுபோல் இருந்தது.

அந்த வண்டியைப் பூட்டியவன் முனீர். கல்யாணமாகிச் சில மாதங்களே ஆனவன். சம்பத்தின் சித்தப்பா பிள்ளைகள் ஷோரூமுக்குப் போய் அவன் சட்டையைப் பிடித்து அறைந்தார்கள். "நீ இறுக்கினியா இல்லையாடா?" என்று கேட்டதற்கு அவன், "இறுக்கினேன்னுதான் நெனைக்கிறேன். நெஜமா ஞாபகம் இல்லீங்க," என்றான். அந்த நேர்மைக்கு இன்னும் ஓர் அறை கிடைத்தது. முதலாளி அவனைப் பூட்டுகிற வேலையிலிருந்து எடுத்து, சர்வீசுக்கு வரும் வண்டிகளைக் கழுவ விட்டார்.

பானுதாஸ் ஒருநாள் முதலாளியைப் பார்க்கப் போனார். தானும் பொறுப்பு என்று சொல்லிவிடுவது என்றுதான் போனார். முதலாளியோ, புகார் சொல்ல வந்திருக்கிறார் என்று பயந்து, நாற்காலியைத் துடைத்துப் போட்டு, டீ வரவழைத்தார். "உங்க மாதிரி பெரியவங்க பேச்சக் கேக்காதது எங்க தப்புதாண்ணா," என்றார். கண்ணாடிக்கு வெளியே முனீர் முட்டிவரை நனைந்து சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தான். பானுதாஸ் டீயைக் குடித்தார். குடித்து முடித்ததும் எழுந்து வந்துவிட்டார். அந்த டீயை நினைத்துத்தான் அவர் பிறகு அதிகம் கூசினார் என்று தோன்றுகிறது. பயத்தில் வாய் அடைத்துப் போவதை மன்னிக்கலாம். உபசாரத்தில் அடைத்துப் போனதை எப்படி மன்னிப்பது?

அதற்குப் பிறகு யார் வந்து கூப்பிட்டாலும் வண்டி பார்க்கப் போகவில்லை. "கண்ணு சரியில்ல" என்று சொல்லி அனுப்பினார்.

"கண்ணு சரியில்லாதவரு எனக்கு ஊசியில நூல் கோத்துத் தர்றது எப்படியாம்?" என்றாள் ஷாலன்.

பானுதாஸ் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்தார்.

"நந்தா வீட்டுக்குப் போனாலும் பேச மாட்டேங்கறீங்க. அவ உங்களுக்கு என்ன பண்ணினா?"

"அவ ஒண்ணும் பண்ணல," என்றார். "அவ ஒண்ணும் பண்ணலடீ." ஏன் இரண்டு தடவை சொன்னார் என்று ஷாலன் கொஞ்சநேரம் அவர் முகத்தையே பார்த்தாள். அப்புறம் துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

தசரா நெருங்கும்போது, யாரும் எதிர்பாராமல், பானுதாஸ் தனக்கென்று ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கப் போனார். அதே ஷோரூம். முதலாளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"நம்ம மூத்த மெக்கானிக்கையே பூட்டச் சொல்றேண்ணா. நீங்க பக்கத்துலயே நின்னு பாத்துக்கங்க."

"முனீர் பூட்டட்டும்."

"அவனா? அவன் கழுவற எடத்துல இருக்கான்."

"தெரியும். அவன்தான் பூட்டணும்."

தசராவன்று ஷாலன், சம்பத், கைத்தடி ஊன்றிய நந்தா எல்லாரும் வந்திருந்தார்கள். பாட்வாவில் நின்றவர்களில் பாதிப் பேரும் அங்கே இருந்தார்கள். வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த முனீர் முதலில் பானுதாஸின் வெறுங்கையைப் பார்த்தான்.

"மாமா, பையக் கொண்டு வரலையா?"

"இல்ல."

"இங்கயே ஸ்பேனர் இருக்கு, தர்றேன். ஒரு தடவ பாத்துருங்க மாமா. எனக்குப் பயமா இருக்கு."

"நீ பாத்தியா?"

"பாத்தேன். முடிச்சுட்டு மறுபடியும் பாத்தேன்."

"சரி."

சம்பத்துக்குப் பொறுக்கவில்லை. "தாஜி, என்ன இது? ஊருக்கே பாத்தீங்க, உங்க வண்டிய நீங்க பாக்கலன்னா எப்படி? இவனையா நம்புறீங்க?"

பானுதாஸ் சாவியை வாங்கிக்கொண்டார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. பேடா கிழவர்கூட வாயைத் துடைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

நந்தா மெதுவாக நடந்து வந்து தட்டை அவர் முன்னால் நீட்டினாள். "நீங்க கோடு போட்டுத் தாங்க தாஜி. அப்புறம் நான் பொட்டு வைக்கிறேன்."

அவர் குங்குமத்தைத் தொடவில்லை. "நீயே வையி," என்றார். அவளால் குனிய முடியாததால் முனீர் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். முன் பிரேக்கின் இரண்டு போல்ட்டுகளிலும் அவள் வட்டமாகப் பொட்டு வைத்தாள். அவர் அதைப் பார்த்தார். வேறு எதையும் பார்க்கவில்லை.

ஷாலன் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு பின் சீட்டில் ஏற வந்தாள்.

"நீ இரு," என்றார் பானுதாஸ்.

ஒருமுறைகூட பிரேக்கைப் பிடித்துப் பார்க்காமல், வண்டியைக் கிளப்பி, வீட்டுக்குப் போகும் தெருவை விட்டுவிட்டு, தான் பார்க்காமல் விட்ட வண்டியில் நந்தா போன அதே ஜோதிபா மலைச் சாலையில் திரும்பினார். பொழுது சாயுமுன் வண்டியும் அவரும் பழுதில்லாமல் இறங்கி வந்தார்கள். ஷாலன் கேட்டாள், சம்பத் கேட்டான். முனீர்கூட, மறுபடியும் பூட்டுகிற இடத்துக்கே வந்த பிறகு, ஒருமுறை கேட்டான். ஏன் அப்படிப் போனார் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை.