வீட்டுக்கொரு சாணி உருண்டை

பச்சையம்மாள் அக்கா போய்விட்டார். திண்டிவனத்திலிருந்து இப்போதுதான் போன் வந்தது... காலையிலேயே எடுத்துவிட்டார்களாம்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் வேகவைத்த மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, விற்ற அக்கா என்றால் திண்டிவனத்துப் பழைய ஆட்களுக்குத் தெரியும். எனக்கு அதற்கும் முன்னால் தெரியும். விழுப்புரத்துக்கு மேற்கே எங்கள் ஊரில், எங்கள் தெருவுக்கு மருமகளாக வந்தவர்.

எனக்குத் தொண்ணூறு ஆகப்போகிறது. படித்தது ஏழாவது பாதி. ஆனால் ஞாபகசக்தியில் என்னை அடிக்க இந்த ஜில்லாவிலேயே ஆள் கிடையாது, அதனால் தைரியமாகப் படிக்கலாம்.

யுத்த காலம். எங்கள் ஊரில் முன்னூறு வீடு... சரி, அறுபது இருக்கும். ஒரு கதவுக்கும் பூட்டு கிடையாது.

போலீஸ்காரர் வந்தால் மோர் குடித்து, ஒரு தூக்கம் போட்டுவிட்டுப் போவார். இதைக் கேள்விப்பட்டு வெள்ளைக்காரக் கலெக்டரே குதிரையில் வந்து எனக்குக் கை கொடுத்தார் என்று பல பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

அதற்கெல்லாம் காரணம் சாணி. சிரிக்காதீர்கள்.

ஏதாவது திருட்டுப் போனால் தலையாரி சின்னசாமி தமுக்கு அடிப்பார். மறுநாள் காலையில் வீட்டுக்கு ஒருவர் ஒரு சாணி உருண்டையோடு வர வேண்டும்.

மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி, சுற்றிலும் கீற்று மறைப்பு. ஒவ்வொருவராக உள்ளே போய்ப் போட்டுவிட்டு வர வேண்டும், யாரும் பார்க்கக் கூடாது. கடைசியில் சின்னசாமி தொட்டியைக் கலக்கினால் போன பொருள் அடியில் கிடக்கும்.

யார் எடுத்தது என்று ஒருவரும் கேட்க மாட்டார்கள். எடுத்தவனுக்கும் மறுநாள் அதே கிணற்றில் தண்ணீர், அதே பந்தியில் சாப்பாடு.

அந்த வருஷம் ஒரு கல்யாண வீட்டில் பெண்ணின் கம்மல் ஒன்று காணாமல் போனது. தமுக்கு அடித்தாயிற்று.

மறைப்பு காற்றில் சாயாமல் பிடித்துக்கொள்ள சின்னசாமி என்னைக் கூப்பிட்டார். பதினெட்டு வயது, ஊரிலேயே நான்தான் பலசாலி. இதில் கொஞ்சம்தான் பொய்.

“தம்பி, முதுகைக் காட்டிக்கினு நில்லு. திரும்பிப் பார்த்தே, ஆத்தா கண்ணைப் புடுங்கிடுவா” என்றார்.

திரும்பிப் பார்த்தேன்.

எல்லாரும் ஒரு கையில் கொண்டுவந்து பொத்தென்று போட்டார்கள். அக்காவின் வீட்டுக்காரர் கோவிந்தன் மட்டும் இரண்டு கையாலும் ஏந்தி வந்து, குனிந்து, மெதுவாக இறக்கினார்.

கம்மல் கிடைத்தது. கல்யாண வீட்டார் கற்பூரம் ஏற்றினார்கள்.

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்... ஒரு வாரம் இருந்தேன்.

அடுத்த சந்தைக்கு விழுப்புரம் போனபோது காபி கிளப்பில் ஒருத்தன் சீண்டினான். “உங்க ஊரு சாணித்தொட்டி சமாச்சாரமெல்லாம் புருடாடா. எவனாச்சும் எடுத்ததைத் திருப்பிக் குடுப்பானா?”

“புருடாவா? எடுத்தது யாருன்னே எனக்குத் தெரியும்டா!”

பெயரையும் சொன்னேன். கோவிந்தன் கை வெடவெடவென்று நடுங்கியது, உருண்டைக்குள் தங்கம் மின்னியது என்று சேர்த்தும் சொன்னேன்.

என் வண்டி ஊருக்குள் நுழைவதற்கு முன்னால் பேச்சு நுழைந்துவிட்டது.

யாரும் அவரை அடிக்கவில்லை. ஒரு வார்த்தை கேட்கக்கூட இல்லை.

நாவிதர் “நாளைக்கு வாங்க” என்றார், மறுநாளும் அதையே சொன்னார். நடவுக்குச் சொல்லி வைத்த ஆட்கள் வரவில்லை. அக்கா கிணற்றடிக்குப் போனால் மற்ற பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

அடுப்புக்கு நெருப்பு கேட்டால், “இப்பத்தான் அணைஞ்சிச்சு.”

ஒரே மாதம். இரண்டு பேரும் திண்டிவனம் போய்விட்டார்கள், மல்லாட்டை மண்டியில் மூட்டை தூக்கும் வேலைக்கு.

எங்கள் ஊர் வண்டிகளும் அந்த மண்டிக்குத்தான் போகும்... பேச்சும் ஏறிப் போனது. மண்டியில் அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

அடுத்த வாரம் கோவிந்தன் ஏரியில் மிதந்தார்.

அந்தத் தை மாதம் ஊரில் ஒரு வெள்ளி அரைஞாண் திருட்டுப் போனது. தமுக்கு அடித்தார்கள், அறுபது உருண்டையும் வந்தது. சின்னசாமி தோள் வலிக்கக் கலக்கினார். வெறும் சாணி.

அதோடு அந்த வழக்கம் முடிந்தது. எல்லாரும் பூட்டு வாங்கினார்கள்.

சுதந்திரம் வந்த வருஷம் திண்டிவனம் போனேன். பஸ் நிற்கிற இடத்தில் அக்கா கூடையோடு உட்கார்ந்திருந்தார். “வா தம்பி, ஊர்ல மழை உண்டா?” என்று கேட்டு, கை நிறைய மல்லாட்டை அள்ளிக் கொடுத்தார்.

கொஞ்ச நேரம் கழித்து, கூடையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“ரெண்டு கையால ஏந்திக்கினு வந்தாராம், அதான் திருடனாம். மொத நாள் கெணத்துல தண்ணி எறைக்கும்போது வடக்கயிறு சுத்தி மணிக்கட்டு பெசகிப்போச்சு தம்பி. சோத்துத் தட்டைக்கூட ரெண்டு கையாலதான் தூக்குனாரு. ஒருத்தராச்சும் நேர்ல வந்து கேட்டிருந்தா கையைக் காட்டியிருப்பாரு.”

கம்மலை எடுத்தது யார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

“பார்த்தேன்னு சொன்னது யாரு, உனக்குத் தெரியுமா? பேரு தெரிஞ்சா போதும். சண்டைக்கு வரமாட்டேன்” என்றார் அக்கா.

என் வாயைப் பற்றி உங்களுக்குத் தெரியும். எதையாவது சொல்லிவிடும்.

“தலையாரி சின்னசாமி” என்றேன். அவர் காலராவில் செத்து அப்போது ஆறு மாதம்.

அக்கா எழுந்தார். எங்கள் ஊர் இருக்கும் திசையைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றினார். “அவன் வம்சம் வெளங்காது.”

சின்னசாமி வீட்டு ஆட்கள் யார் போனாலும் கடைசி வரை அக்கா முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் போனால் மட்டும் ஒரு பிடி அதிகம் விழும்.

சின்னசாமியின் பேரன்கள் இரண்டு பேர் இங்கே என் நண்பர்கள் லிஸ்டில் இருக்கிறார்கள். படிக்கட்டும். இதில் ஒரு வார்த்தை கூட நான் சேர்க்கவில்லை.

அடக்கத்துக்கு நான் போகவில்லை.

அக்கா... சின்னசாமி இல்லை. நான்தான்.

போய் வாருங்கள்.