கண்மாய்க்கரையில் கரைந்தவர்

நானும் என் மனைவியின் அண்ணனும் அருப்புக்கோட்டையில் ஒரே கடையில் உட்கார்ந்து வியாபாரம் பார்த்துத் தொப்பை வளர்த்தவர்கள். உடம்பைக் குறைக்க நான் ஜிம்மில் எடை தூக்கினேன். அவர் காலையில் கண்மாய்க்கரையில் வேகமாக நடந்தார்.

“இரும்பத் தூக்குனா ஒடம்பு எறங்காது மாப்ள, நடந்தாத்தான் கரையும்” என்று சிரிப்பார்.

சில மாதங்களில் அவர் சட்டை தொளதொளத்தது. பஜாரே மெச்சியது. நானும் ஜிம்மை விட்டுவிட்டு அவரோடு நடக்கத் தொடங்கினேன். ஒருநாள் பாதி வழியில் மூச்சிரைத்து உட்கார்ந்துவிட்டார். மதுரை ஆஸ்பத்திரியில் சோதித்தபோது, வயிற்றில் வளர்ந்த கட்டிதான் அவரைக் கரைத்து வந்தது என்று தெரிந்தது. மழைக்காலம் முடியுமுன் போய்விட்டார்.

இப்போது எடையும் தூக்குகிறேன், நடக்கவும் செய்கிறேன். கருவேல மரங்களைத் தாண்டும்போது எனக்கு முன்னால் அவர் செருப்புச் சத்தம் கேட்கிறது. எடை மிஷினில் முள் இறங்கினால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்குவதில்லை.