ஒரு கிளை முழுவதும் சிவப்பு

வியாழக்கிழமை காலை கல்லூரிக்குக் கிளம்பும் நேரம் தொலைபேசி அடித்தது. பேராசிரியை ஆவுடையம்மாளின் தம்பி. "அக்கா போயிட்டாவ சார்." 

கோவில்பட்டியில் தாவரவியல் துறையில் பதினாறு ஆண்டுகள் அம்மையாருக்கும் எனக்கும் அடுத்தடுத்த மேசை. அதிர்ந்து பேச மாட்டார். ஆனால் சொன்னால் சொன்னதுதான். அந்தப் பிடிவாதம் ஒருவரின் பிழைப்பைக் கெடுத்தது. அதை மறைத்து எழுதினால் அவருக்கே பிடிக்காது.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில், பசுவந்தனையில் பூச்செடி வளர்த்து விற்ற சண்முகையா ஓர் அந்திமந்தாரையைத் தொட்டியோடு தூக்கிவந்தார். மஞ்சள் பூக்களில் சிவப்புக் கீற்றுகள். அம்மையார் பார்த்ததும், "வைரஸ் நோய். பாத்தி முழுக்கப் பிடுங்கித் தீ வச்சிருங்க" என்றார். சண்முகையாவும் அப்படியே செய்தார். விற்கச் செடியில்லாமல் தீப்பெட்டி ஆலை வேலைக்குப் போனார்.

தொட்டிச்செடி மட்டும் நோய்க்கு மாதிரியாக எங்கள் ஆய்வகத்தின் பின்புறம் தங்கிவிட்டது. மறு வருடம் அதில் ஒரு கிளை மட்டும் முழுச் சிவப்பாகப் பூத்தது. அம்மையார் அதன் விதைகளைத் தனியே விதைத்தார். பெரும்பாலானவை முழுச் சிவப்பாகவே பூத்தன. சில மட்டும் பழையபடி கீற்று. நோய் இப்படி நடந்துகொள்ளாது. சிவப்புக்கான மரபணுவுக்குள் இடம்மாறும் டி.என்.ஏ. துண்டு ஒன்று புகுந்து அதை முடக்கியிருந்தது. எந்தச் செல்லிலிருந்து அது வெளியேறியதோ, அதன் வழிவந்த செல்களெல்லாம் சிவந்தன. பூவில் நடந்தால் கீற்று; கிளை துளிர்க்கும்போதே நடந்தால் கிளை முழுவதும்.

"நல்ல செடியக் கொளுத்தச் சொல்லிட்டேன் சார்" என்றார். அன்றே இருவகை விதைகளோடும் பசுவந்தனைக்குப் பஸ் ஏறினார். நானும் உடன் போனேன்.

"நான் சொன்னது தப்பு அண்ணாச்சி. என்னை மன்னிக்கணும்."

நீட்டிய விதைகளைச் சண்முகையா வாங்கவில்லை. "உங்க பேச்சக் கேட்டுத்தான டீச்சர் புடுங்குனேன். இப்ப எத நம்பி விதைக்கச் சொல்லுதீய?"

"நம்ப வேண்டாம். நானே விதைக்கேன். நீங்க பாருங்க."

மழை பொய்த்த வருடம் அது. சனி, ஞாயிறுகளில் அம்மையார் போய், வெடித்துக் கிடந்த கரிசலில் குடத்துத் தண்ணீர் ஊற்றினார். மூன்றாம் வாரம் குடத்தை அவர் கையிலிருந்து சண்முகையா வாங்கிக்கொண்டார். கீற்றுப் பூச்செடிகளைத்தான் ஜனங்கள் தேடி வந்து வாங்கினார்கள். சண்முகையா ஆலை வேலையை விட்டார்.

அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் மரபியல் வகுப்பை அம்மையார் தம் தவற்றைச் சொல்லியே தொடங்கினார். "பிள்ளைங்க முன்னால எதுக்கு மேடம்?" என்று ஒருமுறை கேட்டேன். "அப்பத்தான் சார் அவிய பயப்படாம என்னைக் கேள்வி கேப்பாவ" என்றார்.

கடைசியாக நான் பார்த்தபோதும் கரும்பலகை முன்னால்தான் நின்றிருந்தார். பின்வரிசைப் பெண்ணொருத்தி அவர் படத்தில் பிழை கண்டாள். அழிப்பானை அவளிடமே நீட்டி, சிரித்தபடி ஒதுங்கி நின்றார். போய்வாருங்கள், அம்மா.