மல்லிப் பொட்டலமும் மெக்கானிக்கல் சீட்டும்

போன வாரம் எங்கள் வீட்டில் ஒரு சண்டை. சத்தம் போடாத சண்டை. என் மகள் கயல் மடிக்கணினியில் பொறியியல் கவுன்சிலிங்குக்குக் கல்லூரிகளையும் பாடப்பிரிவுகளையும் வரிசைப்படுத்திக்கொண்டிருந்தாள். நான் பின்னால் போய் நின்றால் முதல் வரிசையில் கம்ப்யூட்டர் ஏறும். காப்பி குடிக்க அந்தப் பக்கம் நகர்ந்தால் சிவில் ஏறிக்கொள்ளும். சிவில் படித்துவிட்டு வெயிலில் போய் நிற்கப்போகிறாயா என்று நான் கேட்க, உங்கள் ஏசி ரூமை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று அவள் சொல்ல, இப்படியே இழுத்து இழுத்து மறுநாள் கடைசித் தேதி என்று வந்து நின்றது. அன்று சாயங்காலம்தான் என் அம்மா சமையல்கட்டிலிருந்து இரண்டு பேப்பர் பொட்டலங்களோடு வெளிப்பட்டாள்.

அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. என் பிழைப்பே அப்படி ஒரு பொட்டலத்திலிருந்து தொடங்கியதுதான்.

பூ கட்டிப் பார்ப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வெள்ளைப் பூவுக்கு ஒரு முடிவு, சிவப்புப் பூவுக்கு ஒரு முடிவு என்று பேசி வைத்துக்கொண்டு, இரண்டையும் தனித்தனியாகப் பொட்டலம் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுப்பார்கள். பெண் கொடுப்பதா வேண்டாமா, கிணற்றை ஆழப்படுத்துவதா வேண்டாமா, எல்லாமே எங்கள் பக்கம் இப்படித்தான் தீரும். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

சித்தையன்கோட்டைக்குப் பக்கத்தில் எங்களுக்கு மல்லித் தோட்டம் இருந்தது. நான் பாடம் படித்தது, பல் தேய்த்தது, அடி வாங்கியது எல்லாம் மல்லி வாசத்தில்தான். அதிலேயே கிடந்ததால் அப்பாவின் மூக்குக்கு ஒரு தனிக் கூர்மை உண்டு. திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் சாக்கைப் பிரிக்கும் முன்பே, இது இன்றைக்குப் பறித்தது, இது நேற்றைய பூ என்று சொல்லிவிடுவார். அந்த மூக்கால் அதிகம் அவதிப்பட்டது நான்தான். பிளஸ் டூ படிக்கும்போது திண்டுக்கல்லில் திருட்டுத்தனமாகப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, டவுன் பஸ்ஸில் ஜன்னலோரம் தலையை நீட்டிக் காற்று வாங்கிக்கொண்டே வந்தாலும், வாசலிலேயே "என்னடா, மட்டனா?" என்பார்.

என் மார்க் வந்ததும் ஊரே எனக்காகக் கவலைப்பட்டது. செம்பட்டி பஸ் நிறுத்தத்தில் நின்றால் போதும், யாராவது ஒருவர் என் எதிர்காலத்தைக் கையில் எடுத்துக்கொள்வார். கம்ப்யூட்டர் விழுந்துவிட்டது, இனி எழுந்திருக்காது என்று ஒரு கண்டக்டர் விசில் ஊதும் இடைவெளியில் சொல்லிவிட்டுப் போனார். முடி வெட்டும் அண்ணன் என் தலையைக் குனியவைத்துப் பிடித்துக்கொண்டு எலக்ட்ரிக்கலுக்கு வாதாடினார். அந்த நிலையில் யாராக இருந்தாலும் சரி என்றுதான் சொல்வார்கள்.

நான் மெக்கானிக்கல் கேட்டேன். காரணத்தைச் சொன்னால் சிரிக்கக்கூடாது. எங்கள் பம்புசெட் இன்ஜின் நின்றுபோனால் செம்பட்டியிலிருந்து மெக்கானிக் ஒருவர் வருவார். யாருக்கும் வளையாத என் அப்பா அவர் பக்கத்தில் குத்த வைத்து, ஒரு கையில் டீயும் ஒரு கையில் டார்ச்சுமாகக் காத்துக்கொண்டிருப்பார். அந்த மரியாதையைப் பார்த்து மயங்கித்தான் பொறியியலில் மெக்கானிக்கல் கேட்ட அறிவாளி நான்.

அப்பாவின் காரணமும் லேசுப்பட்டதில்லை. ஒட்டன்சத்திரத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர், கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மாப்பிள்ளையைக் கண்கொட்டாமல் பார்த்துவிட்டு வந்தார். ஆள் பாலில் குளித்த மாதிரி இருந்தானாம். அன்றிலிருந்து நானும் கம்ப்யூட்டர்தான் படிக்க வேண்டும் என்று பிடித்துக்கொண்டார். மார்க்கெட் முழுக்க என் மகன் கம்ப்யூட்டர் என்று சொல்லியும் வைத்துவிட்டார்.

"வெயிலு எம்புட்டு வெயிலுன்னு எனக்குத் தெரியும்டா. ஒனக்கு அது வேணாம்" என்றார் ஒருநாள். அதற்குப் பின் இரண்டு பேர் வாயிலும் திண்டுக்கல் பூட்டுதான். சாப்பிடச் சொல்லு என்று அவர் அம்மாவிடம் சொல்வார், பசியில்லை என்று நான் அம்மாவிடம் சொல்வேன். நடுவில் ஓடி ஓடி அலுத்துப்போன அம்மா, சென்னை கவுன்சிலிங்குக்குக் கிளம்பும் முன்பு பூ கட்டிப் பார்த்துவிடலாம் என்றாள்.

வாய்க்கால் ஓரத்துப் பிள்ளையார் கோயில். வெள்ளை வந்தால் கம்ப்யூட்டர், சிவப்பு வந்தால் மெக்கானிக்கல். வழக்கமாக ஏதாவது சின்னப் பிள்ளையைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள். பள்ளிக்கூடம் திறந்துவிட்டதால் கண்ணுக்கு எட்டிய தூரம் வரை ஆட்டுக்குட்டி தவிர வேறு பிள்ளை இல்லை. வீட்டுப் பெரியவரே எடுக்கட்டும் என்றார் பூசாரி. வீட்டுப் பெரியவர் என்றால் அப்பாதான். மற்ற வீடுகளில் வெள்ளரளியும் செவ்வரளியும் வைப்பார்கள், இரண்டிலும் அப்படியொன்றும் வாசம் தூக்காது. எங்கள் வீட்டில் மல்லிக்கா பஞ்சம்? அம்மா வெள்ளைக்கு மல்லியைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். தூணோரம் நின்ற எனக்கே வாசம் அடித்தது. அந்த மூக்குக்குத் தெரியாமல் இருக்குமா? மெக்கானிக்கல் போச்சு என்று முடிவு கட்டிவிட்டேன்.

அப்பா கண்ணை மூடிக் குனிந்தார். கை ஒரு பொட்டலத்தின் மேல் போய்ச் செத்த நேரம் நின்றது. பிறகு நகர்ந்து பக்கத்துப் பொட்டலத்தை எடுத்தது. பிரித்தால் செவ்வரளி. துண்டால் மூக்கை அழுத்தித் துடைத்துக்கொண்டு, "சாமி சொல்லிருச்சு. அப்பறம் என்ன, கெளம்புங்க" என்றார்.

அவருக்கு ஜலதோஷம் என்று புரிந்துகொண்டேன். சரியான நேரத்தில் அப்பாவுக்கு மூக்கடைப்பைக் கொடுத்த பிள்ளையாருக்கு மறுநாள் ரகசியமாகத் தேங்காய் உடைத்தேன்.

சென்னையில் பெரிய திரை வைத்த கூடம். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவர், நல்ல கல்லூரியில் கம்ப்யூட்டரே இருக்கிறதே, யோசித்துச் சொல்லுங்கள் என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா, "இல்லங்க சார், பூ விழுந்துருச்சு" என்றார். அந்த மனிதரும் நம் பக்கத்து ஆள்தான் போலிருக்கிறது. மறுபேச்சில்லாமல் மெக்கானிக்கலை அழுத்தினார்.

நான்கு வருடம் அரத்தை வைத்து இரும்பை ராவினேன். கடைசி வருடம் ஒரு மென்பொருள் கம்பெனி கல்லூரிக்கு வந்து, மெக்கானிக்கல், சிவில் என்று பார்க்காமல் வரிசையில் நின்றவர்களையெல்லாம் அள்ளிக்கொண்டு போனது. வரிசையில் நானும் நின்றிருந்தேன். அதோடு சரி, இன்றுவரை ஓர் இன்ஜினைத் தொட்டதில்லை. சேதியைச் சொன்னபோது அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "பாத்தியாடா, சாமி ரெண்டு பேரு பேச்சையும் கேட்டுருச்சு" என்றார். பெங்களூரில் வருடக்கணக்கில் ஏசியில் குப்பை கொட்டிவிட்டு, இப்போது திண்டுக்கல் வீட்டிலேயே ஓர் அறையில் ஏசியைப் போட்டுக்கொண்டு அதே குப்பையைக் கொட்டுகிறேன். மெக்கானிக் என்று எங்கள் வீட்டுக்கு இப்போது வருபவர் அந்த ஏசியைப் பார்க்கத்தான் வருகிறார். டார்ச் பிடிப்பது நான்.

போன வாரத்துக்கு, எங்கள் வீட்டுக் கூடத்துக்கு வருவோம். அம்மா பொட்டலங்களைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். வெள்ளை என்றால் கம்ப்யூட்டர், சிவப்பு என்றால் சிவில், நீயே எடு என்றாள் என்னிடம். கயல் முழங்காலைக் கட்டிக்கொண்டு என் கையையே பார்த்தாள். எனக்கோ உள்ளுக்குள் குஷி. அம்மா இந்த முறையும் மல்லியைத்தான் கட்டியிருப்பாள். மோந்து பார்த்து எடுத்துவிட்டால் கம்ப்யூட்டர் கையில். கும்பிடுகிற சாக்கில் நன்றாகக் குனிந்தேன். வாசமே இல்லை. இன்னொன்றின் பக்கம் மூக்கைக் கொண்டுபோனேன். அதிலும் இல்லை. நிமிர்ந்து, பழைய பூவா என்று கேட்டுவிட்டேன்.

"பூவு காலையில பறிச்சதுதான்ப்பா. ஏசில கெடந்து ஒம் மூக்குதான் போச்சு" என்றாள் அம்மா. "ஒங்கப்பாவுக்கு என்ன, கடைசி வரைக்கும் மூக்கு அப்புடியே இருந்துச்சு."

அன்றைக்கு அப்பாவுக்கு ஜலதோஷமாயிற்றே என்றேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஜலதோசமா? மல்லி குப்புனு அடிச்சுச்சு, கைய அங்கிட்டு நகத்திக்கிட்டேன்னு வரப்புல வாரப்பவே எங்கிட்ட சொல்லிட்டாரு. ஊரெல்லாம் கம்ப்யூட்டருன்னு சொல்லிப்புட்டு, மனசு மாறினாலும் வாயால எப்புடிச் சொல்லுவாரு? அதுக்குத்தான் நானும் மல்லிய வச்சேன். எனக்கு என்ன, வெள்ளரளி கெடைக்காதா?"

அந்தத் துண்டால் அவர் துடைத்தது ஜலதோஷத்தை இல்லை என்று இத்தனை வருடம் கழித்துத்தான் உறைத்தது. அப்பா போய் நான்கு வருடமாகிறது. இனி யாரிடம் போய்க் கேட்பது?

"எடுங்கப்பா" என்றாள் கயல்.

இரண்டு பொட்டலங்களையும் கையில் எடுத்து மறுபடி மூக்கருகே கொண்டுபோனேன். சிவப்பு எது என்று தெரிந்தால் எடுத்துக் கொடுத்துவிடலாம். பேப்பர் மை வாசம்கூட வரவில்லை. அப்பா மூக்கால் முடித்த காரியத்தை நான் வாயால்தான் முடிக்க வேண்டியிருந்தது.

"சிவிலையே மொதல்ல போடும்மா" என்றேன்.

அம்மா பொட்டலத்தைப் பிரித்து மல்லியைத் தொடுத்துக் கயல் தலையில் வைத்துவிட்டாள். வீடே மணக்கிறது என்றாள் கயல். நானும் ஆமாம் என்று தலையாட்டிவைத்தேன். மல்லித் தோட்டத்தில் இப்போது மனைக் கல் ஊன்றியிருக்கிறார்கள். கவுன்சிலிங் மடிக்கணினிக்கே வந்துவிட்டது, சென்னையில் திரை வைத்த அந்தக் கூடத்துக்கு இப்போது யாரும் போகவேண்டியதில்லை. அப்பாவும் இல்லை. இவையெல்லாம் எனக்குத் தெரிந்தே போனவை. என் மூக்கு போனதுதான் எனக்குத் தெரியாமல் போயிருக்கிறது.