மிதக்காத காந்தம்

கறுப்பு வில்லைகளைச் சுட்டு, குளிரவைத்து, அவற்றின்மேல் காந்தம் மிதக்கிறதா என்று குனிந்து பார்ப்பதுதான் என் தொழில். செய்கிற வேலையை வீட்டாருக்குப் புரியவைக்க முடியாத அத்தனை பேரும் என் கட்சி. செம்பு ஆக்சைடு கலந்து செய்யும் இந்த வில்லையை நன்றாகக் குளிர்வித்தால் அதில் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும், காந்தம் மேலே மிதக்கும். செம்பின் இடத்தில் வேறு அணு வந்து உட்கார்ந்தால் என்ன கெடும் என்பது என் ஆராய்ச்சி. கூட இருந்த தோழி வெளிநாடு போய்விட்டாள். புதுக்கோட்டையில் இப்போது இதற்கு நான் ஒருத்திதான். மாதக் கடைசியில் ஆய்வகச் சாவியை ஒப்படைக்க வேண்டும். அதற்குள், ஒப்பிட்டுப் பார்க்க வேறு அணு கலக்காத ஒரு சுத்தமான வில்லையின்மேல் காந்தம் மிதக்காவிட்டால் ஆய்வேடு இல்லை.

கேனும் நானும்

குளிர்விக்கத் திரவ நைட்ரஜன் வேண்டும். மாட்டுச் சினை ஊசிக்கான விந்தை உறையவைக்க அதை வைத்திருக்கும் கால்நடை மருந்தகம்தான் எனக்குக் கதி. கல்லூரிக் கடிதத்தோடு வாரா வாரம் ஆட்டோவில் போய்ப் பசுக்களுக்குப் பின்னால் நிற்பேன். அங்கே உதவியாளர் செல்வராசு அண்ணன் முதல்நாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். “மாட்டக் கொண்டாராம கேன மட்டும் கொண்டாந்தா எப்படிம்மா?”

ஞாயிற்றுக்கிழமை போன்

ஆவுடையார்கோவிலிலிருந்து அம்மா பேசும்போது ஒருநாள் எல்லாவற்றையும் விளக்கினேன். வாரம் முழுக்கப் பேசாத பேச்சு, கொட்டிவிட்டது. நூறு செம்பில் இரண்டை எடுத்துவிட்டுத் துத்தநாகம் வைத்தாலே போதும், நைட்ரஜன் குளிரில் காந்தம் மிதக்காது என்றேன். அம்மா யோசித்துவிட்டுச் சொன்னாள்: “ரெண்டு பேரு சரியில்லன்னா மொத்தமும் படுத்துருமா? அப்ப ஒங்கப்பா வீட்டு ஆளுகளோட நான் எப்படித்தான் குடும்பம் நடத்துனேன்?”

சிவப்புப் பொட்டு

கடைசிக்கு முந்தைய வாரம் சுத்தமான வில்லையை நைட்ரஜனில் வைத்தேன். காந்தம் பொத்தென்று உட்கார்ந்தது. மூன்று முறையும் அப்படியே. ஐந்து வருடமும் போயிற்று என்று தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அப்புறம்தான் தூள் டப்பாவைத் திருப்பினேன்; அடியில் சிவப்புப் பொட்டு. சுத்தமான தூளும் துத்தநாகம் கலந்ததும் ஒரே கறுப்பு. மூடிகள் மாறிவிடும் என்று துத்தநாக டப்பாவின் அடியில் நெயில் பாலிஷால் பொட்டு வைத்திருந்தோம். ஒருத்தி டப்பாவை எடுத்தால் மற்றவள் “திருப்பிப் பாத்தியா?” என்று கேட்பது வழக்கம். கேட்க ஆள் இல்லை, நானும் பார்க்கவில்லை.

மறுபடி நைட்ரஜனுக்குப் போனபோது செல்வராசு அண்ணன் என் முகத்தைப் பார்த்துவிட்டு விசாரித்தார். சொன்னேன். கேனை நிரப்பிக்கொண்டே சொன்னார்: “அடுத்து டப்பாவத் தொடும்போது எனக்கு ஒரு போனப் போடுங்கம்மா. திருப்பிப் பாத்தீங்களான்னு நான் கேக்குறேன்.”

சாவி கொடுக்க இரண்டு நாள் இருக்கையில் காந்தம் மிதந்தது, பார்க்க நான் ஒருத்தி, போனில் அண்ணனும் பின்னால் கத்திய ஒரு பசுவும்: ஐந்து வருட ஆராய்ச்சிக்கு இவ்வளவு கூட்டமே அதிகம்.