கந்தையான்ர குதிரை

லண்டன் வெம்பிளிக் கண்காட்சிக்காரர்களே, நீங்கள் ஓர் ஆளை மறைக்கிறீர்கள்.

சுவரில் வெள்ளைக்காரர் காலத்து விளம்பரப் படம். யாழ்ப்பாணத்து நெடுந்தீவு விவசாயிகளின் பெட்டைக் குதிரைகளோடு சேர்க்கப் பொலிகுதிரை இருக்கிறது என்கிறது. நீங்கள் ஒட்டிய அட்டையில் குதிரையின் அப்பன், பாட்டன் பெயர்கூட இருக்கிறது. கயிறு பிடித்திருப்பவர் வெறும் ‘வேலையாள்’.

வாசலில் டிக்கெட் பார்க்கும் நெடுந்தீவுக்காரர் என் அருகில் வந்து சிரிக்கிறார்.

“அது என்ர பூட்டன் கந்தையா, அண்ணை. குதிரையின்ர இங்கிலீசுப் பேர் ஆரின்ர வாயில நுழையும்? சனம் ‘கந்தையான்ர குதிரை’ எண்டுதான் கேட்டு வருமாம்.”

“இந்தக் கண்காட்சிக்காரங்ககிட்ட சொன்னீங்களா?”

“ஓம், மூண்டு தரம். அட்டையில இடமில்லையாம்.”

படத்தில் குதிரை கந்தையாவின் தோளில் தாடையைச் சாய்த்து நிற்கிறது. படத்தின் கண்ணாடியைத் தன் சட்டைக் கையால் துடைக்கிறார் கொள்ளுப்பேரன்.

குதிரையின் பாட்டனுக்குக் கிடைத்த இடம் இவர் பூட்டனுக்கு ஏன் இல்லை? பதிலை இதே சுவரில், எல்லாரும் பார்க்க எழுதி ஒட்டுங்கள்.