பொட்டு வைத்த ப்ராசஸர்

ஒரு தாம்பாளத்தில் வெற்றிலை, வாழைப்பழம், தேங்காய். தேங்காய்க்குப் பக்கத்தில் ஒரு ப்ராசஸர். அதன் வெள்ளி முகத்தில் சந்தனம், சந்தனத்தின் நடுவில் குங்குமம். இன்னொரு தாம்பாளத்தில் மதர்போர்டுப் பெட்டி, நாலு மூலையிலும் மஞ்சள்.

திருப்பதி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கடையில் வெகு காலமாக அசெம்பிள் செய்கிறேன். எலி கடித்த ஒயர், எறும்பு குடியேறிய பவர் சப்ளை எல்லாம் என் மேசைக்கு வந்ததுண்டு. வெற்றிலை பாக்கோடு வந்த பாகங்கள் இவைதான்.

"சீர் சாமான் தம்பி. மிஷினுக்குள்ள போற வரைக்கும் தாம்பாளத்த உட்டு எறங்கக்கூடாது" என்றார் ஏர்பேட்டுக்காரர் முனிரத்தினம். ப்ராசஸர் அவர் வைத்த சீர். எங்கள் கடையிலேயே ஓனரிடம் வாங்கிப் போனது.

"மொதல்ல போர்டு. போர்டு மேலதான் எல்லாம் குந்தணும்" என்றார் கங்காதர நெல்லூர்க்காரர் தணிகாசலம். போர்டு அவர் சித்தூரில் வாங்கியது.

இரண்டு பேருக்கும் நடுவில் கல்பனா, விஜயபுரத்துப் பெண். முனிரத்தினம் அவளுக்குத் தாய்மாமன், தணிகாசலம் பெரியப்பா. புத்தூரில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோ எடிட் செய்துகொண்டிருந்தவள், நகரியில் தனியாக ஓர் அறை பிடித்து வெள்ளிக்கிழமை திறக்கிறாள். இவர்கள் கடைக்கு வந்தது புதன்கிழமை. திறப்பன்றே முதல் ஆர்டர்காரர்கள் டிரெய்லர் பார்க்க வருகிறார்கள். பிடித்தால் அந்த வீட்டு மூன்று பெண்களின் கல்யாணமும் அவளுக்கு. பிடிக்காவிட்டால் பழைய ஸ்டுடியோவுக்கே. எடிட் செய்ய மிஷின் வேண்டும். மிஷின் தாம்பாளத்தில் இருந்தது.

ஊசியும் ஊசியும்

எங்கள் பக்கம் கடை திறந்தாலும் சீர் உண்டு. அம்மா பக்கம் பீரோ வைத்தால் அப்பா பக்கம் ஃபிரிட்ஜ் வைக்கும். கம்ப்யூட்டரையும் அப்படியே பங்கு போட்டிருந்தார்கள். ஒருத்தரை ஒருத்தர் கேட்கவில்லை. கேட்டால் சீர் என்னவென்று தெரிந்துபோகுமே!

ப்ராசஸரைத் திருப்பினேன். அடியில் முழுக்க ஊசிக் கால்கள். போர்டின் மூடியைத் தூக்கினேன். ப்ராசஸர் உட்கார வேண்டிய சாக்கெட்டிலும் ஊசிகள், நாற்றங்கால் போல நெருக்கமாக, காற்றுக்குக்கூடச் சாய்ந்துவிடுகிற மாதிரி. இரண்டு பக்கமும் குத்துகிற பக்கமாகவே இருந்தது. வாங்கிக்கொள்கிற பக்கம் இல்லை.

"இது ரெண்டும் சேராதுங்க" என்றேன்.

"அப்போ போர்ட மாத்து" என்றார் மாமா.

"இன்னாத்துக்கு மாத்தணும்? ஒன் ப்ராசஸர மாத்திக்கோ."

"எட்டு கோருய்யா இது! இன்னான்னு நெனச்சிக்கினு கீற?"

"எட்டோ பத்தோ, குந்த எடமில்லாம எங்க குந்தும்? ஒன் தலமேலயா?"

"வெச்ச சீர திருப்பி வாங்கிக்கினு போனா ஏர்பேட்டுல என்னை இன்னா பேசுவானுங்க?"

"நெல்லூர்ல மட்டும் எனக்கு மால போடுவானுங்களா?"

அந்தச் சத்தத்துக்கு ஓனர் எழுந்து வந்தார். நெல்லூர்க்காரர் சித்தூரில் வாங்கி, பெட்டியைப் பிரித்துவிட்ட போர்டை இனி அந்தக் கடை எடுக்காது என்றார். பிறகு ப்ராசஸரைப் பார்த்து நெற்றியைச் சுருக்கி, "ஏமய்யா, பொட்டு பெட்டின ப்ராசஸர் எவரு கொண்டாரு?" என்றார். பொட்டு வைத்ததை யார் வாங்குவார்கள் என்ற கவலை அவருக்கு.

கல்பனா கையிலிருந்த ஹார்டு டிஸ்க்கைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு கல்யாணம் மொத்தமும் அதற்குள் காத்திருந்தது.

யாரும் கேட்காத கேள்வி

"நீ என்ன வேலைம்மா பண்ணப்போற இதுல?" என்றேன்.

கேட்டதுதான் தாமதம், கொட்டினாள். "ரெண்டு கேமரா, ஒரு ட்ரோன் அண்ணா. மூணும் ஒண்ணா டைம்லைன்ல ஓடணும். பழைய எடத்துல ஃபைல போட்டா தாலி கட்றப்போ நின்னுடும். கட்டி முடிச்சி, எல்லாம் எழுந்து சாப்புடப் போற சீனுக்குத் தாவிடும். ரூம்ல ஏசி கெடையாது. பின்னால ரேம் சேர்க்க எடம் வேணும்."

அத்தனை பதிலும் அவளிடம் இருந்தது. அவள் கேமரா ஃபைலைப் பிரித்துப் படிக்க, உள்ளேயே கிராஃபிக்ஸ் இருக்கிற ப்ராசஸர் வேண்டும். மாமாவுடையது பலசாலி, ஆனால் அதில் அது இல்லை. பெரியப்பாவின் போர்டில் ரேமுக்கு நாலு ஸ்லாட் இருந்தது. போர்டு நிற்கட்டும், ப்ராசஸர் மாறட்டும் என்றேன்.

மாமாவின் முகம் தொங்கிவிட்டது. பெரியப்பா மீசையைத் தடவினார். ஒரு நிமிஷம் விட்டால் அங்கேயே உறவு முறிந்துவிடும் போலிருந்தது.

கல்பனா என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அண்ணா, ப்ராசஸர் மேல இன்னா வரும்?"

"பேஸ்ட் தடவி, கூலிங் ஃபேன் வெச்சி மூடிடுவோம்."

"அப்பறம் கண்ணுக்குத் தெரியாதா?"

"மிஷின் இருக்கற வரைக்கும் தெரியாது."

மாமா நிமிர்ந்தார். "இன்னாது? நான் வெச்சது எவன் கண்ணுக்கும் தெரியாதா?"

"ஃபேன்தான் தெரியும் மாமா" என்றாள் கல்பனா, சிரிக்காமல்.

மாமாவின் பார்வை கடையைச் சுற்றியது. சுவரோரம் இருந்த பெரிய மானிட்டரில் போய் நின்றது. "அது தெரியுமில்ல?"

"வாசல்லேந்தே தெரியும் மாமா."

"அத எறக்குப்பா!"

"எறக்கு எறக்கு. என் போர்டு கண்ணாடிப் பொட்டிக்குள்ள இருக்கட்டும், அதுவும் தெரியட்டும்" என்றார் பெரியப்பா.

மானிட்டர் விற்ற சந்தோஷத்தில் ஓனர் ப்ராசஸரைத் திரும்ப எடுத்துக்கொண்டார். பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுப் பொட்டைத் துடைத்தேன். கால்கள் ஒன்றும் வளையவில்லை. சந்தன வாசனை மட்டும் போகவில்லை. "நா பில்லிங் மெஷின்லோ பெட்டு" என்று ஓனரே அதைத் தன் பில் போடும் கம்ப்யூட்டருக்கு வைத்துக்கொண்டார்.

அப்படியானால் புது ப்ராசஸர்? பெரியப்பா வாய் திறப்பதற்குள் மாமா வாய் திறந்தார். அவர் சொல்வதற்குள் கல்பனா பையைத் திறந்துவிட்டாள். "அத நான் வாங்கிக்கறேன்."

சாயங்காலத்துக்குள் மிஷின் முதல் தடவையாகப் பூட் ஆகிக் கண் திறந்தது. அந்த ஒற்றை பீப் சத்தம், இத்தனை வருடத்துக்குப் பிறகும், எனக்கு மழையின் முதல் துளி மாதிரி. நகரி பஸ்ஸில் கல்பனா மிஷினை மடியில் வைத்துக்கொண்டு போனாள்.

வெள்ளிக்கிழமை நானும் போயிருந்தேன். மானிட்டருக்கு மாலை போட்டு மாமா பக்கத்திலேயே நின்றார். பெரியப்பா வருகிறவர்களையெல்லாம் குனிய வைத்துக் கண்ணாடி வழியாகப் போர்டைக் காட்டினார். திரையில் மூன்று முடிச்சும் தடங்கலில்லாமல் விழுந்தன. பெண்ணின் அம்மா அடுத்த இரண்டு கல்யாணத் தேதிகளைச் சொன்னாள்.

கூட்டத்தில் யாரோ விஷயம் தெரிந்தவர் கேட்டார்: "மானிட்டர் மாமா, போர்டு பெரியப்பா. ப்ராசஸர் யார் வெச்ச சீரு?"

கல்பனா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான்" என்றாள்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். கடைக்கு நாலு பேர் வருவார்கள், நாலு பேரும் பேசுவார்கள். அந்த மிஷின் முன்னால் உட்காரப்போகிறவர் யாரென்று பாருங்கள். என்ன வேலை என்று அவரிடம் கேளுங்கள். எந்தச் சாக்கெட் என்பது பிறகு தானாகத் தெரியும்.